வெள்ளைக்கால் குஞ்சுகள்

அன்புமிக்க சிறுவர், சிறுமியரே, உங்கள் முன் ஒரு கதையோடு வந்து நிற்பதற்காக முதலில் என்னை மன்னிக்க வேண்டுகிறேன். நல்ல கதைகளை எழுதுவோர் பலர் இருக்கையில், இதுநாள்வரை விடுப்பு விண்ணப்பங்களைத் தவிர வேறெதையும் எழுதியறியாத நான் பேனாவை எடுத்தது சற்று அதிகப்பிரசங்கித்தனம்தான். கதை எங்கேனும் நொண்டினால் அது இதில் வரும் கோழிகளின் குற்றமன்று, என்னுடையது. தயைகூர்ந்து பொறுத்தருளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில், தில்லி ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில், ஒரு தரைத்தள வீட்டில் அமலி என்ற சிறுமி வாழ்ந்துவந்தாள். அவளுடைய அப்பா கிறிஸ்துதாஸ் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அம்மா மரியபுஷ்பம் மருத்துவமனையில் செவிலியர். அவர்கள் இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அமலி மட்டும் தில்லியிலேயே பிறந்தவள்.

தரைத்தள வீடுகளுக்குப் பின்னால் சிறியதாக ஒரு கொல்லை உண்டு. மற்ற வீட்டுக்காரர்கள் அங்கே முள்ளங்கி போட்டார்கள், கொத்தமல்லி போட்டார்கள். கிறிஸ்துதாஸ் கோழி வளர்த்தார்.

முட்டைக்காகவோ கறிக்காகவோ அவர் வளர்க்கவில்லை. அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தோல் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். தலையில் செவ்வந்திப் பூவைக் கவிழ்த்தாற்போல இறகுக் குடுமியும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கோழியிடம் இருக்க வேண்டும்.

"கறுப்புக் கோழி ஒருத்தன்கிட்ட இருக்கு. குடுமிக் கோழி இன்னொருத்தன்கிட்ட இருக்கு. ரெண்டும் சேந்தது இந்தத் தில்லியில எவன்கிட்ட இருக்கு, சொல்லு பாப்போம்?" என்று அவர் மனைவியைக் கேட்பார்.

"எவனுக்கும் வேலையத்துப் போகல, அதான் இல்ல" என்பார் மரியபுஷ்பம்.

கறுப்புச் சேவலுக்கு வில்பிரட் உதவினார். அவர் கிறிஸ்துதாஸின் பள்ளித் தோழர். ரயில்வேயில் கார்டாக ரத்லாமில் இருந்தார். அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஜாபுவா என்ற ஊர்ப்பக்கம் மலைவாழ் மக்கள் வளர்க்கும் கறுப்புக் கோழி பெயர் பெற்றது. அவர் அப்படியொரு சேவலைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குடுமிப் பெட்டையை ஜும்மா மசூதிக்குப் பக்கத்துப் பறவைச் சந்தையில் கிறிஸ்துதாஸ் தேடிப் பிடித்தார். அதன் குடுமி அழகு. ஆனால் தோல் வெளுப்பு.

அந்த இரண்டுக்கும் பிறந்த குஞ்சுகளைப் பார்த்து அமலிக்கு ஒரே வியப்பு. சேவல் குஞ்சுகள் எல்லாம் வெளுத்திருந்தன. பெட்டைக் குஞ்சுகள் மட்டும் கறுத்திருந்தன!

"அது அப்படித்தான்ட்டி" என்றார் அப்பா பெருமிதத்துடன். "தகப்பன் கறுப்பா இருந்தா மகளுக்குக் கறுப்பு எறங்கும். மகன்மாரு தாயக் கொண்டிருப்பானுவ."

"அப்பாக்காரன் வெள்ளையா இருந்தா?"

"அம்புட்டுதான். மகன், மகள் அத்தனையும் வெளுத்துப் போகும். அதனாலதான் பக்கத்து வீட்டு வெள்ளக்கால் சேவல் ராஜா இந்தப் பக்கம் வரவே கூடாதுன்னு சொல்லுதேன். கொல்லைய நீதான் பாத்துக்கணும். புரியுதா?"

"அச்சா" என்றாள் அமலி. அன்றிலிருந்து, பள்ளி விட்டு வந்ததும் கோழிகளைத் திறந்துவிட்டு, தீனி வைத்து, இருட்டுவதற்குள் அடைத்துத் தாழ்ப்பாள் போடுவது அவள் பொறுப்பாயிற்று. அப்பா அந்த வேலையை வேறு எவரிடமும் கொடுத்ததில்லை.

பிறகு சில சங்கடங்கள் நேர்ந்தன. மழைக்காலத்தில் நோய் வந்து அந்தக் கறுப்புச் சேவல் இறந்தது. அடுத்த கோடையின் அனல்காற்றில் குடுமிக்காரத் தாயும் போய்விட்டது. கறுப்புத் தோலும் குடுமியுமாக மிஞ்சியவை இரண்டே மகள்கள். ஒன்றுக்குப் பெரியகுடுமி என்றும் மற்றதற்குச் சின்னகுடுமி என்றும் பெயர்.

இதற்கிடையில் வில்பிரட் மாமா இன்னொரு கறுப்புச் சேவலைக் கொண்டுவந்து தந்திருந்தார். அதன் இறகு கறுப்பு. கொண்டை கறுப்பு. கால் கறுப்பு. கொக்கரிக்க வாயைத் திறந்தால் நாக்கும் கறுப்பு. கிறிஸ்துதாஸ் அதற்குத் 'துரை' என்று பெயர் சூட்டினார்.

"இந்தத் தடவ தகப்பனும் கறுப்பு, தாயும் கறுப்பு" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார் அவர். "ஒரு குஞ்சு விடாம கறுப்பாப் பொறக்கும், பாரு. பாதிக்குக் குடுமியும் இருக்கும். பிப்ரவரி மேளாவுல அமலி அதுகளத் தூக்கிட்டு மேடையில நிப்பா!"

அமலி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

குடியிருப்புப் பூங்காவில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் மலர்க் கண்காட்சி நடக்கும். பிள்ளைகள் தங்கள் வளர்ப்புப் பிராணிகளைத் தூக்கிக்கொண்டு மேடையில் வரிசையாக நிற்பார்கள். சென்ற மேளாவில் துரையை அணைத்தபடி அமலியும் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் அடுத்த வீட்டுப் பிங்கி. பிங்கியின் கையில் அவர்களுடைய ராஜா இருந்தது. செம்பு நிற இறகும், வெண்ணெய் பூசியது போன்ற கால்களுமாக ராஜா பளபளத்தது.

பிங்கி முதலில் துரையைப் பார்த்தாள். பிறகு அமலியைப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"தேக்கோ, தேக்கோ! பாயி-பெஹன்!"

அண்ணனும் தங்கையுமாம்! பூங்கா முழுவதும் கொல்லென்று சிரித்தது. அமலி சற்றுக் கறுப்பு, அம்மாவைப் போல. அதுவரை அவள் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. அன்று, துரையைப் பற்றியிருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். அவற்றை எங்கே ஒளித்துவைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள்.

அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் பள்ளிப் பேருந்தில் அவளுக்குக் 'காலி முர்கி' என்று பெயர் வந்தது. கறுப்புக் கோழி என்று பொருள். அமலி வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அக்டோபர் மாதம் அப்பாவுக்கு அலுவலக வேலையாக வெளியூர்ப் பயணம் வந்தது. திரும்ப ஒரு மாதம் ஆகும்.

"நான் வாரவரைக்கும் முட்டையெல்லாம் தேதி வாரியா எடுத்து வை. கடைசி வாரத்து முட்டையத்தான் அடை வைக்கணும்" என்றார் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே. "உன்ன நம்பித்தான் போறேன்ட்டி."

"சரிப்பா."

அவர் போன மறுநாள், பள்ளிப் பேருந்தில் இரண்டு பெண்கள் அமலியைப் பார்த்துக் 'கொக்கரக்கோ' என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போனாள். துரையைப் பிடித்துத் தனிக் கூண்டில் அடைத்தாள். பிங்கி வீட்டுக் கொல்லைக்கும் தங்கள் கொல்லைக்கும் நடுவிலிருந்த குட்டைச் சுவரின் மேல் ஒரு பிடி கம்பைத் தூவினாள்.

சுவரேறிக் குதிக்க ராஜாவுக்கு அழைப்பிதழ் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த மாதம் முழுவதும் நாள்தோறும் மாலையில் அப்படியே நடந்தது. இருட்டும் நேரத்தில் அவள் ராஜாவைத் தூக்கிச் சுவருக்கு அப்பால் விட்டுவிடுவாள். அது அவளுடைய கையைக் கொத்தும். அவளுக்கு வலிக்கும். ஆனாலும் மறுநாள் கம்பு தூவுவாள். குஞ்சுகள் வெளுத்துப் பிறந்தால் அப்பா அவற்றை மேளாவுக்குக் கொண்டுபோகச் சொல்லமாட்டார். அவள் மேடையில் நிற்க வேண்டியிருக்காது. அவ்வளவுதான் அவள் வேண்டியது.

"துரைய எதுக்குக் கூண்டுல போட்டுருக்க?" என்று ஒருநாள் அம்மா கேட்டார்.

"பெட்டைகளைக் கொத்துதும்மா" என்று பொய் சொன்னாள் அமலி. அம்மா மருத்துவமனையிலிருந்து களைத்து வந்திருந்தார். அதற்குமேல் கேட்கவில்லை.

துரை கூண்டுக்குள்ளிருந்து அவளைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. அமலி ஒரு சாக்கை எடுத்துக் கூண்டின் முன்பக்கம் தொங்கவிட்டாள்.

அப்பா வருவதற்கு முன் துரை பழையபடி கொல்லைக்கு வந்துவிட்டது. அப்பா வந்தார், முட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அடைகாக்கவென்றே வளர்த்துவந்த ஒரு நாட்டுக்கோழியின் அடியில் வைத்தார். டிசம்பர் தொடக்கத்தில், பனி மூட்டமான ஒரு காலையில், குஞ்சுகள் பொரிந்தன.

"அமலி! ஜல்தி வா! ஜல்தி!"

கொல்லையில் அப்பா முழந்தாளிட்டிருந்தார். அவருடைய உள்ளங்கையில் ஈரம் காயாத ஒரு குஞ்சு இருந்தது. அவர் அதன் கால்களைப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதன் கால்களையும் பார்த்தார். கடைசிக் குஞ்சுவரை பார்த்தார். சோற்றுக் கஞ்சியைப் போல அத்தனைக்கும் வெளிறிய கால்கள்.

"குளிரா இருக்குல்லா" என்றார் அவர் மெதுவாக. "அதான் நிறம் பிடிக்கல. நாளைக்குக் கறுத்துரும்."

மறுநாள் காலையில், பல் துலக்குவதற்கு முன்பே போய்ப் பார்த்தார். "லேசாக் கறுத்தாப்பல இல்ல?" என்று அமலியைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நாளும் பார்த்தார். விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

அமலி எதிர்பார்த்தது நடந்துவிட்டது. மகிழ்ச்சிதான் வரவில்லை. அப்பா கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அவளுக்கு இருட்டான இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்ளத் தோன்றியது.

ஒரு வாரம் சென்றபின் அப்பா பார்ப்பதை நிறுத்தினார்.

"வில்பிரட் என்ன ஏமாத்திட்டான்" என்றார் இரவு உணவின்போது. "முதல்ல குடுத்தது அசல். இந்தத் துரை கலப்பு. வெளியதான் கறுப்பு, ரத்தம் கறுப்பு இல்ல. இல்லன்னா எப்படி ஒரு குஞ்சுகூடக் கறுக்காது?"

"கூடப் படிச்ச மனுசன் ஏமாத்துவாரா?" என்றார் அம்மா.

"பின்ன இது எப்படி வந்துச்சு? நீயே சொல்லு."

அம்மாவால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்தவள் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

'இப்போது சொல்லிவிடலாம்' என்று அமலி நினைத்தாள். சொன்னால் 'எதற்குச் செய்தாய்' என்று அப்பா கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மேளாவைச் சொல்ல வேண்டும். காலி முர்கியைச் சொல்ல வேண்டும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பெரியகுடுமியையும் சின்னகுடுமியையும் ஒரு கூடையில் வைத்துத் துணியால் மூடினார்.

"எங்கப்பா?" என்றாள் அமலி திடுக்கிட்டு.

"சந்தைக்கு. இந்தக் கிறுக்குத்தனம் போதும். அடுத்த வருசம் முள்ளங்கி போடுதேன்."

துணிக்கு வெளியே ஒரு குடுமி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அப்பா அதை விரலால் மெதுவாக உள்ளே தள்ளினார். வாசற்கதவைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம்வரை அவர் நடப்பதை அமலி பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். அவ்வளவு பக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். அவள் கூப்பிடவில்லை.

மதியம் அப்பா வெறுங்கூடையோடு திரும்பினார். அன்று அமலி கொல்லைக்குத் தீனி வைக்கப் போனபோது குடுமிக்காரிகள் இல்லாமல் துரை தனியாக நின்றது.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. அம்மா அச்சு முறுக்குக்கு மாவு கரைத்தார். அமலி வாசலில் காகித நட்சத்திரம் கட்டினாள். வில்பிரட் மாமா பண்டிகைக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அதைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்புத் தோன்றியது. அது நல்ல சிரிப்பாக இல்லை.

"வரட்டும். அவன் குடுத்த சேவல அவனுக்கே குழம்பு வச்சுப் போடுதேன். தின்னு பாத்துட்டு அவனே சொல்லட்டும், அசலா கலப்பான்னு!"

அமலியின் கையிலிருந்த பசைக் கிண்ணம் கீழே விழுந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையிலேயே வில்பிரட் மாமா வந்து சேர்ந்தார். தொப்பை குலுங்கச் சிரிப்பவர் அவர். கையில் ரத்லாம் காரச் சேவுப் பொட்டலம் இருந்தது.

"ஏட்டி அமலி, என்னமா வளந்துட்ட! எங்க நம்ம மாப்பிள்ள? துரை சௌக்கியமா?"

"சௌக்கியந்தான்" என்றார் அப்பா நாற்காலியிலிருந்து எழாமலேயே. "மத்தியானம் பாப்ப. தட்டுல."

வில்பிரட் மாமா இதை வேடிக்கை என்று எண்ணிக்கொண்டு மீண்டும் ஒருமுறை தொப்பையைக் குலுக்கினார். அப்பா சிரிக்கவில்லை. மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னலே கிறிஸ்து? என்ன விசயம்?"

"நீ குடுத்தது அசல் இல்ல, வில்பிரட். குஞ்செல்லாம் வெள்ளக்கால். ஒன்னு, எவனோ உன்ன ஏமாத்தியிருக்கணும். இல்ல, நீ என்ன ஏமாத்தியிருக்கணும்."

"நானா? லே, ஜாபுவாவுல அவங்க வீட்டு முத்தத்துல நின்னு நானே கையால பிடிச்சேன். ஒரு ராத்திரி பூரா ரயில்ல மடியில வச்சுட்டு வந்தேன்!"

"அப்ப வெள்ளக்கால் எப்படி வந்துச்சு?"

வில்பிரட் மாமாவுக்கு அது எப்படித் தெரியும்? அவர் காப்பித் தம்ளரை மெல்லக் கீழே வைத்தார். தன் பையை எடுப்பதா வேண்டாமா என்பதுபோல அதன்மீது கையை வைத்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது.

அடுக்களையில் அம்மா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். வீடு முழுவதும் மல்லியும் மிளகும் மணத்தன.

"அமலி, வாட்டி" என்று எழுந்தார் அப்பா. "பஞ்சாரத்தத் தூக்கு. நான் பிடிக்கேன்."

பஞ்சாரம் என்பது கோழியைக் கவிழ்த்து மூடும் பெரிய மூங்கில் கூடை. துரை அதற்குள் இருந்தது. அமலி கொல்லைக்கு ஓடினாள். பஞ்சாரத்தின் பக்கத்தில் நின்றாள். தூக்கவில்லை. அப்பா நெருங்கி வந்தார். அவள் சட்டென்று பஞ்சாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்!

மூங்கில் கிரீச்சிட்டது. உள்ளிருந்து துரை உரக்கக் கொக்கரித்தது.

"ஏட்டி! எறங்கு! ஒடையப்போகுது!"

"எறங்கமாட்டேன்."

"என்ன வெளையாட்டு இது?"

"துரை இல்லப்பா. ராஜா."

"எந்த ராஜா?"

"குஞ்சுங்களோட அப்பா. துரை இல்ல. பக்கத்து வீட்டு ராஜா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க டூர் போனப்ப துரையக் கூண்டுல போட்டுட்டு நான்தான் டெய்லி ராஜாவ இந்தப் பக்கம் வரவச்சேன். துரை அசல்தான்ப்பா. மாமா ஏமாத்தல. நான்தான் ஏமாத்திட்டேன்."

அம்மி அரைக்கும் ஓசை நின்றது. மசாலா அப்பிய கைகளோடு அம்மா பின்வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வில்பிரட் மாமா.

"எதுக்குட்டி?" என்றார் அப்பா. அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவருக்கு விளங்கவில்லை. "எதுக்கு அப்படிச் செஞ்ச?"

அந்தக் கேள்வி வந்தேவிட்டது. இத்தனை நாளும் அவள் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

"வெள்ளையாப் பொறக்கணும்னு."

"கோழி வெள்ளையாப் பொறந்தா உனக்கென்ன?"

"மேளாவில தூக்கிட்டு நிக்கவேண்டாம்ல? போன தடவ துரையையும் என்னையும் பாத்து பாயி-பெஹன்னு பிங்கி சொன்னா. பஸ்ல எல்லாரும் காலி முர்கின்னு கூப்பிடுதாங்க. கொக்கரக்கோன்னு கத்துதாங்க." அவள் தன் கைகளைப் பாவாடைக்குள் நுழைத்துக்கொண்டாள். "மேளாவில எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்கப்பா."

"நானா?"

"ஆமா. சிரிச்சீங்க."

அப்பா துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்தார். பஞ்சாரத்துக்குள் துரை மட்டும் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"ஏதோ செல்லமாச் சொல்லுதான்னு நெனச்சேன்" என்றார் அப்பா கடைசியில், எவர் முகத்தையும் பாராமல். "ஆமா, சிரிச்சேன்."

"நானும் அங்கதான் நின்னேன்" என்றார் அம்மா. "எனக்கு அது வேடிக்கையாத் தெரியல. ஆனா நானும் ஒன்னும் சொல்லல." அவர் மசாலாக் கையின் பின்புறத்தால் கண்ணோரத்தைத் துடைத்துவிட்டு, "அய்யோ, மொளகு!" என்று அலறினார்.

வில்பிரட் மாமா ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கண்ணைக் கழுவிக்கொண்டார். அந்த அமளியில் அப்பா எழுந்து மாமாவின் அருகில் போனார்.

"வில்பிரட், என்ன மன்னிச்சுரு. சொல்லக்கூடாதத எல்லாம் சொல்லிட்டேன்."

"அது கிடக்கட்டும்லே" என்றார் மாமா. ஆனால் அவர் குரல் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. அமலி அதைக் கவனித்தாள். பிறகு மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இப்ப முக்கியமான விசயத்துக்கு வாங்க. எனக்கு மத்தியானம் என்ன சாப்பாடு?"

"முட்டைக் குழம்பு" என்றார் அம்மா ஒரு கண்ணை மூடியபடி.

"யாரு முட்டை? துரையோட வாரிசா, ராஜாவோட வாரிசா? அதத் தெரிஞ்சுட்டுத்தான் சாப்பிடுவேன்."

அப்பாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அமலிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இன்னும் பஞ்சாரத்தின் மேலேயே இருந்தாள்.

"எறங்கு அமலி. யாரும் ஒன்னும் செய்யமாட்டாங்க" என்றார் அம்மா.

"பெரியகுடுமியும் சின்னகுடுமியும் போறப்பவே நான் சொல்லியிருக்கணும்" என்றாள் அவள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "வாசல்லயே நின்னுட்டிருந்தேன். சொல்லல."

அப்பா அவளைத் தூக்கி இறக்கிவிட்டார். அவர் அவளைத் திட்டவில்லை. 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. பஞ்சாரத்தைத் தூக்கினார். துரை வெளியே வந்து, உடம்பைச் சிலிர்த்து, நடந்த எதற்கும் தனக்கும் தொடர்பில்லாததைப் போலத் தவிட்டுத் தட்டை நோக்கி நடந்தது.

பண்டிகை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா கூடையை எடுத்தார்.

"நானும் வாரேன்" என்றாள் அமலி. "நான்தான் கேக்கணும்."

பறவைச் சந்தையில் கூண்டுக்கு மேல் கூண்டாக அடுக்கியிருந்தார்கள். கிளிகளும் புறாக்களும் காடைகளும் குளிரில் ஒடுங்கிக் கிடந்தன. அப்பா கோழிகளைக் கொடுத்த வியாபாரியிடம் அமலியே போய் நின்றாள். கம்பளியால் தலையை மூடிய பெரியவர் அவர்.

"சாச்சா, தலையில் குடுமி வைத்த இரண்டு கறுப்புக் கோழிகள்…" என்று இந்தியில் தொடங்கினாள்.

"அரே மகளே, அதுவா? உங்கள் பெரிய நாளுக்கு, கிறிஸ்துமஸுக்கு, முன்பே போய்விட்டது."

"யார் வாங்கினார்கள்?"

"இவ்வளவு கூட்டத்தில் யாரென்று சொல்ல? இரண்டும் ஒரே ஆளிடமும் போகவில்லை."

"வளர்க்க வாங்கினார்களா, இல்லை…" அவள் முடிக்கவில்லை. பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வளர்க்கத்தான், வளர்க்கத்தான்" என்றார் அவசரமாக. அவருக்கும் தெரியாது என்பது அமலிக்குப் புரிந்தது.

அவள் சந்தை முழுவதும் சுற்றினாள். ஒரு கூண்டையும் விடவில்லை. கடைசி வரிசையில் குடுமி வைத்த கோழி ஒன்று தென்பட்டதும் அவள் ஓடினாள். கம்பிக்குள் விரலை நுழைத்து இறகை விலக்கிப் பார்த்தாள். உள்ளே தோல் ரோஜா நிறத்தில் இருந்தது.

"இது இல்லப்பா" என்றாள்.

"ம்" என்றார் அப்பா.

திரும்பும் பேருந்தில் காலிக்கூடை அவர்கள் இருவர் மடியிலுமாக இருந்தது. வெகுநேரம் கழித்து அப்பா கேட்டார்:

"ஆமா, ராஜாவத் தூக்கினியே, அவன் கொத்தலியா?"

"கொத்தினான். டெய்லி."

"நல்லா வேணும்."

அமலி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவருடைய மீசைக்கடியில் ஏதோ ஒன்று அசைந்தது. அது நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. அவர் கையை நீட்டி, கொத்துப்பட்ட தழும்பு இருந்த அவளுடைய கையை எடுத்து, வீடு வரும்வரை தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் இழந்தவை வருமாறு: கறுப்புத் தோலும் குடுமியும் ஒருங்கே அமைந்த பெட்டைக் கோழிகள் இரண்டு. அவற்றை உண்டாக்க அப்பா செலவிட்ட மூன்று ஆண்டுகள். வில்பிரட் மாமாவின் சிரிப்பில் கொஞ்சம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் வரவில்லை, அதற்கடுத்த ஆண்டுதான் வந்தார். பிப்ரவரி மேளாவில் மேடையில் ஓர் இடம். போகும்படி அமலியிடம் எவரும் சொல்லவில்லை. பண்டிகைக்குக் கோழிக் குழம்பு. துரையை இழக்கவில்லை.